மடியில் ஏற்ற பிள்ளையும் ஏட்டில் ஏறாத உரிமையும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். வரலாறு என்றதும் அரசர், போர், கோட்டை கொத்தளம் என்று எண்ணுவது நம் வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ எளியது. நம் தெருவில், நம் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் காண்பது. பெற்றோரை இழந்த குழந்தையையும், வறுமையால் வளர்க்க இயலாத உறவினர் குழந்தையையும் நம் மக்கள் தயங்காமல் எடுத்து வளர்த்து வருகிறார்கள். இருக்கும் கூழில் இன்னொரு கலயம் நிரப்புவது நமக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. அவ்வாறு வளர்க்கப்படும் குழந்தைக்குச் சட்டத்தின் முன் அன்று என்ன இடம் இருந்தது, இன்று என்ன இடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இப்பொருளை நான் தேர்ந்ததற்கு என் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்று காரணம். நான் நடுநிலைப் பள்ளியொன்றில் பட்டதாரி ஆசிரியனாக இருந்த நாளில், ஒரு சூன் மாதக் காலையில் ஒருவர் ஐந்து வயதுச் சிறுவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். சேர்க்கைப் பதிவேட்டை விரித்து, “தகப்பனார் பெயர்?” என்று கேட்டேன். “எம் பேரையே எழுதுங்க சார். தங்கச்சி மவன்தான், இனிமே என் மவன்” என்றார். தங்கை கணவனை இழந்தவர். இவருக்கோ பிள்ளையில்லை. அவர் மனைவியும் அருகில் நின்று தலையசைத்தார். நானும் அவர் பெயரையே எழுதினேன். நல்ல காரியம் ஒன்றுக்குத் துணைநின்றதாக உள்ளம் மகிழ்ந்தேன்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. மாற்றலாகி வேறோர் ஊரில் இருந்த என்னைத் தேடி அந்த இளைஞன் வந்தான். அரசுப் பணியில் இருந்த அவன் மாமன் திடீரென மறைந்துவிட்டார். மாமி முன்பே காலமாகியிருந்தார். மாமனின் உடன்பிறந்தார் வாரிசுச் சான்று கோரியபோது இவன் பெயரை விட்டுவிட்டனர். “ஐயா, நீங்கள் எழுதிய ஏட்டில் அவர்தானே என் அப்பா?” என்று கேட்டான். பதிவேட்டின் நகலைப் பெற உதவினேன். அதனால் பயன் விளையவில்லை. பள்ளிப் பதிவேடு தத்துக்குச் சான்றாகாது என்று சொல்லிவிட்டார்கள். மாமன் கட்டிய வீட்டில், தான் தவழ்ந்து வளர்ந்த கூடத்தில், அவனுக்கு இடமில்லாமற் போயிற்று.

அன்று நான் எழுதியது பெயரை மட்டுமே. உரிமை எழுதப்படும் இடம் வேறு என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. அந்த அறியாமைக்குக் கழுவாய் தேடும் முயற்சியாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பழைய நூல்கள் கூறியவை

தத்தெடுத்தல் இந்நாட்டில் தொன்மையான வழக்கம். வடமொழித் தரும நூல்கள் இதனை விரிவாகப் பேசுகின்றன. நந்த பண்டிதர் இயற்றிய ‘தத்தக மீமாம்சை’யும் ‘தத்தக சந்திரிகை’ என்னும் நூலும் இத்துறையில் முதன்மையானவை. ஆங்கிலேயர் காலத்து நீதிபதிகள் இவ்விரண்டையும் மொழிபெயர்ப்பில் கற்றே தீர்ப்பு வழங்கினர்.

அந்நூல்களின் நோக்கம் யாது? பிள்ளையில்லாத ஆடவன் இறந்த பின் அவனுக்குப் பிண்டமிடவும் அவன் குலப் பெயர் நிலைக்கவும் ஒரு மகன் வேண்டும் என்பதே. குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த விதிகள் அல்ல அவை. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் பழைய விதிகள் அனைத்தும் விளங்கிவிடும். பிண்டமிடும் தகுதி மகனுக்கே உரியது என்றதால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இடமில்லை. தத்துக் குழந்தை அதே சாதியைச் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். பெற்ற தந்தையோ தாயோதான் பிள்ளையைத் தரலாம். ஆதலால் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையைத் தருவதற்கு ஆளில்லை. தருவாரில்லாத குழந்தையைத் தத்தெடுக்கவும் இயலாது. யாருக்கு வீடு மிகுதியும் தேவையோ அந்த அனாதைக் குழந்தைக்கே கதவு அடைக்கப்பட்டிருந்தது என்பது எண்ணி வருந்தத்தக்கது.

வருணத்துக்கு வருணம் விதியும் மாறியது. மேல் மூன்று வருணத்தார்க்குத் தத்த ஓமம் வேண்டும் என்றும், மகள் வயிற்றுப் பேரனையும் உடன்பிறந்தாள் மகனையும் அவர்கள் தத்தெடுத்தலாகாது என்றும் கூறினர். சூத்திரர்க்கு ஓமம் வேண்டா. கொடுத்தலும் ஏற்றலுமே போதும். உடன்பிறந்தாள் மகனையும் எடுக்கலாம் என்றனர். ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட நம் முன்னோரைப் பற்றி அந்நூலாசிரியர்கள் கவலை கொள்ளவில்லை. நிலமும் பொருளும் இருந்தோர்க்கே வழக்கு. வழக்கு இருந்தோர்க்கே தீர்ப்பு. தீர்ப்பு இருந்தோர்க்கே வரலாற்றில் பெயர். நம் குடிசைகளில் வளர்ந்த எத்தனையோ வளர்ப்புப் பிள்ளைகளின் கதை எந்த ஏட்டிலும் ஏறாமற் போனதன் காரணம் இதுவே.

அரியணையும் தப்பவில்லை

ஏட்டின் வலிமையை அரசர்களே உணர நேர்ந்த காலம் ஒன்றுண்டு. டல்ஹௌசி பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது, வாரிசின்றி இறந்த சிற்றரசரின் நாடு கும்பெனியைச் சேரும் என்றும், கும்பெனியின் இசைவு பெறாத தத்துப் பிள்ளை அரியணை ஏற இயலாது என்றும் ஒரு கொள்கையைக் கையாண்டார். 1848இல் சதாரா அவ்வாறு பறிபோயிற்று. ஜான்சி மன்னர் கங்காதர ராவ் 1853 நவம்பரில், தாம் இறப்பதற்கு முந்திய நாளில் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். அத்தத்து ஏற்கப்படவில்லை, 1854இல் ஜான்சி கும்பெனியின் ஆட்சியில் சேர்க்கப்பட்டது. அரசி இலட்சுமிபாய் வாளேந்திய வரலாற்றை நம் மாணவர் அனைவரும் அறிவர். அதன் பின்னணியில் ஒரு தத்துப் பிள்ளையின் உரிமை இருந்தது என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. கானிங் பிரபு சிற்றரசர்களுக்குத் தத்துரிமையை உறுதிசெய்யும் சன்னதுகளை வழங்கினார்.

நம் தமிழகத்திலும் புகழ்பெற்ற வழக்கொன்று நிகழ்ந்தது. இராமநாதபுரம் ஜமீனில், கணவரை இழந்த அரசியார், கணவரிடமிருந்து முன் இசைவு பெறாமல் உறவினர் சம்மதத்துடன் முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தார். அத்தத்து செல்லாது, ஜமீன் அரசாங்கத்தையே சேரும் என மதுரைக் கலெக்டர் தரப்பில் வாதிடப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1868இல் அத்தத்து செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. திராவிட நாட்டில் கைம்பெண் தன் கணவனின் உறவினர் இசைவுடன் தத்தெடுக்கலாம் என்பதும், நூலில் எழுதிய விதியைக் காட்டிலும் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறே மேலானது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு என்னும் சொற்களை இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஜமீன்தார் வீட்டில் கணக்குப் பிள்ளை உண்டு, கடிதம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. அவர்களால் மெய்ப்பிக்க முடிந்தது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பம் தன் வழக்காற்றை எதைக் கொண்டு மெய்ப்பிக்கும்?

அண்ணல் ஏந்திய சட்டம்

விடுதலைக்குப் பின் இந்து சட்டங்களைத் தொகுத்துத் திருத்தும் பணி சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர் கைக்கு வந்தது. பி. என். ராவ் குழு உருவாக்கியிருந்த முன்வரைவைச் செப்பனிட்டு, 1948இல் அவர் அவையின் முன் விளக்கினார். திருமணம், சொத்துரிமை ஆகியவற்றைப் பற்றி அவர் பேசியவையே பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. தத்தைப் பற்றியும் அவர் பேசினார். வழக்குகள் மலிந்து பெருகும் ஊற்றுக்கண்களுள் தத்து ஒன்று என்றும், பொய்ச்சாட்சி புனைந்து கைம்பெண்களை ஏமாற்றும் கொடுமை இதில் மலிந்துள்ளது என்றும் எடுத்துக்காட்டி, தத்தைப் பதிவு செய்ய அம்முன்வரைவு வழிசெய்வதைச் சுட்டினார். கணவன் மட்டும் தீர்மானித்தால் போதாது, மனைவியின் சம்மதமும் வேண்டும் என்னும் விதியும் அம்முன்வரைவில் இருந்தது.

பழமைவாதிகளின் எதிர்ப்பால் அம்முன்வரைவு நிறைவேறாமல் நின்றது. 1951 செப்டம்பரில் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் அது நான்கு சட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றாக நிறைவேறியது. அவற்றுள் இறுதியானது ‘இந்து தத்தெடுப்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டம்’. அது நடைமுறைக்கு வந்த நாள் 1956 டிசம்பர் 21. அண்ணல் மறைந்தது அதே ஆண்டு டிசம்பர் 6. பதினைந்து நாள் இடைவெளியில், தாம் தொடங்கி வைத்த பணியின் கடைசிப் பகுதியைக் காணாமலே அவர் கண்மூடினார்.

1956ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் பழைய கதவுகள் பலவற்றைத் திறந்தது. முதன்முறையாகப் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றாயிற்று. ஒரே சாதியாக இருக்கவேண்டும் என்னும் தளை அறுபட்டது. மணமாகாத பெண், கைம்பெண், மணவிலக்குப் பெற்ற பெண் ஆகியோர் தம் பெயரிலேயே தத்தெடுக்கும் உரிமை பெற்றனர். 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தால், மணமான பெண்ணும் கணவன் சம்மதத்துடன் தானே தத்தெடுக்கலாம் என்பது சேர்ந்தது. பெற்றோரை இழந்த குழந்தையைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியுடன் தரலாம். தத்த ஓமம் கட்டாயமில்லை. உடன்பிறந்தாள் மகனை எடுப்பதற்கும் தடையில்லை. பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கும் இச்சட்டம் பொருந்தும். ஆகவே அண்ணலைப் பின்பற்றிப் பௌத்தம் தழுவிய குடும்பங்களும் இதன் பயனைப் பெறலாம்.

சட்டம் விதிக்கும் நிபந்தனைகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். குழந்தை பதினைந்து வயது நிரம்பாததாகவும் மணமாகாததாகவும் இருத்தல் வேண்டும். இதற்கு மாறான வழக்காறு உண்டெனில் அதனை மெய்ப்பிக்க வேண்டும். ஆண் குழந்தையைத் தத்தெடுப்பவர்க்கு மகனோ, மகன் வழிப் பேரனோ, அப்பேரனின் மகனோ உயிருடன் இருத்தலாகாது. பெண் குழந்தையை எடுப்பவர்க்கு மகளோ, மகன் வழிப் பேத்தியோ இருத்தலாகாது. எடுப்பவர் ஆணாகவும் குழந்தை பெண்ணாகவும் இருப்பின், அல்லது எடுப்பவர் பெண்ணாகவும் குழந்தை ஆணாகவும் இருப்பின், இருவருக்கும் இடையே இருபத்தொரு வயது வேறுபாடு வேண்டும். தாய் தந்தை இருவரும் இருந்தால் இருவரின் சம்மதமும் தேவை. யாவற்றினும் முதன்மையாக, பெற்றவர் கொடுக்கவும் வளர்ப்பவர் ஏற்கவும் ஆகிய செயல் மெய்யாகவே நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

அவ்வாறு நிகழ்ந்துவிட்டால் அந்நாள் முதல் அக்குழந்தை எல்லா வகையிலும் அவ்வீட்டுக் குழந்தையாகும். செல்லத்தக்க தத்தை எவரும் பின்னர் இரத்து செய்ய முடியாது. எடுத்தவரும் முடியாது, பிள்ளையும் முடியாது. தத்துக்காகப் பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றம். கொடுத்தவரும் ஏற்றவரும் கையொப்பமிட்ட தத்துப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருப்பின், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அத்தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். இதுவே அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு. பத்திரப் பதிவை இச்சட்டம் கட்டாயமாக்கவில்லை. எனினும் ஏழையின் பிள்ளைக்கு இதனினும் வலிய அரண் இல்லை.

வாயிலுக்கு வெளியே நின்றவர்கள்

இச்சட்டம் இந்துக்கள் என வரையறுக்கப்பட்டோர்க்கு மட்டுமே உரியது. நம் உறவினருள் கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் பல உள்ளன. அவர்களும் இசுலாமியரும் பார்சிகளும் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. குழந்தைக்கு வயது வந்ததும் அக்காப்பு முடிந்துவிடும்; வாரிசுரிமை தோன்றாது. எல்லா மதத்தார்க்கும் பொதுவான தத்துச் சட்டம் கொணர 1972இலும் 1980இலும் நாடாளுமன்றத்தில் முன்வரைவுகள் வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை.

இதனிடையே நம் நாட்டுக் குழந்தைகளை அயல்நாட்டார்க்குத் தத்துக் கொடுப்பதில் முறைகேடுகள் நடப்பதாக வழக்கறிஞர் இலட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதனையே வழக்காக ஏற்று, 1984இல் நீதிபதி பகவதி விரிவான நெறிமுறைகளை வகுத்தார். குழந்தையின் நலனே முதன்மை என்னும் கொள்கை அத்தீர்ப்பால் வேரூன்றியது. 1990இல் மத்திய அரசு, ‘காரா’ எனச் சுருக்கமாக வழங்கும் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பை நிறுவியது. தமிழகத்தில் பெண் சிசுக் கொலையைத் தடுக்கும் பொருட்டு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் இக்கால எல்லையிலேயே ஆகும்.

2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தத்தெடுப்பைக் குழந்தைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாக்கியது. அதன் வழியே எம்மதத்தாரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. அதன்படி தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பின் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

ஆக, இறந்தவனுக்குப் பிண்டமிட மகன் தேடிய விதி, வாழவேண்டிய குழந்தைக்கு வீடு தேடும் விதியாக மாறியிருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்குகளின் பயன் இம்மாற்றம்.

வளர்ப்பும் தத்தும் ஒன்றல்ல

சட்டம் மாறியும் நம் பழக்கம் மாறவில்லை. “நான்தானே வளர்க்கிறேன், வேறு என்ன வேண்டும்?” என்று நாம் கருதுகிறோம். 2020இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வழக்கொன்று நம் கண்ணைத் திறக்கவேண்டும். பிறந்த சிறிது காலத்திலேயே பெற்றோரை இழந்த ஒரு பெண்ணைத் தாயின் உடன்பிறந்தாளும் அவர் கணவரும் வளர்த்தனர். பள்ளி, கல்லூரி ஏடுகளில் அவர்களே பெற்றோராகக் குறிக்கப்பட்டிருந்தனர். வளர்ப்புத் தந்தை இறந்த பின் அப்பெண் சொத்தில் பங்கு கேட்டார். வளர்த்தோமே தவிரத் தத்தெடுக்கவில்லை என்று வளர்த்த தாயே மறுத்தார். கொடுத்தலும் ஏற்றலும் நிகழ்ந்ததற்குச் சான்றில்லை. மனைவியின் சம்மதமும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆதலால் அப்பெண் தோற்றார். மகளாகவே வளர்க்கப்பட்டமை சட்டப்படி மகளாவதற்குப் போதாது என்றாயிற்று. இத்தீர்ப்பைப் படித்தபோது என்னிடம் வந்த இளைஞனின் முகமே என் கண்முன் நின்றது.

சொத்தில்லாதவர்க்கு இது பொருந்தாது என எண்ணற்க. நம் பாட்டன் காலத்தில் விட்டுச் செல்ல எதுவும் இருந்ததில்லை, ஏடும் தேவைப்படவில்லை. இன்று இலவச வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. அரசு வேலை இருக்கிறது. குடும்ப ஓய்வூதியமும் கருணை அடிப்படை நியமனமும் இருக்கின்றன. கல்வியால் நாம் பெற்ற இவை ஒவ்வொன்றும் வாரிசு யார் என்னும் கேள்வியோடு வருகின்றன.

சாதிச் சான்றும் இதனோடு தொடர்புடையது. பட்டியல் சாதிக் குடும்பம் தத்தெடுத்ததன் வாயிலாகச் சான்று கோரப்படும்போது, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைகள் நிறைவேறினவா, குழந்தை மெய்யாகவே அவ்வீட்டில் வாழ்ந்து அவர்களாலேயே பேணப்படுகிறதா என்பவற்றை அலுவலர் ஆராய வேண்டும் என மத்திய அரசு அறிவுறுத்தியுள்ளது. சலுகைக்காக மட்டும் சாதி மாறி வருவதை ஏற்கலாகாது என 1996இல் வல்சம்மா பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. போலித் தத்துகளைத் தடுப்பது நம் உரிமையைக் காப்பதேயாம். ஆனால் மெய்யான தத்தைக் காட்ட ஏடில்லாதபோது, நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் அதே ஐயத்தோடு நோக்கப்படும் நிலை நேர்ந்துவிடுகிறது.

இன்று நாம் செய்யத்தக்கவை

உறவினர் குழந்தையை மகனாக, மகளாக ஏற்க விரும்புவோர், நிபந்தனைகள் பொருந்துமாயின், ஊரார் நால்வர் முன் கொடுத்தலும் ஏற்றலும் செய்து, தத்துப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். கணவன் மனைவி இருவரும் கையொப்பமிடுக. பெற்றவர் கையொப்பமும் இடம்பெறுக. நிழற்படம் ஒன்றும் எடுத்து வைத்தல் நன்று. குழந்தைக்குப் பதினைந்து வயது நிரம்புமுன் இது முடிதல் வேண்டும்.

கிறித்தவக் குடும்பத்தார் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உறவினர் குழந்தையைத் தத்தெடுக்கலாம். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமன், சித்தி, பெரியம்மா, இரு வழிப் பாட்டன் பாட்டியர் ஆகியோர் இச்சட்டத்தின் பொருளில் உறவினர் ஆவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகினால் வழி சொல்வார்கள்.

உறவல்லாத குழந்தையை ஏற்க விரும்புவோர், காராவின் இணையதளத்தில் பதிந்து முறைப்படி காத்திருத்தல் வேண்டும். குழந்தைக்கும் எடுப்பவர்க்கும் இருபத்தைந்து வயது வேறுபாடாவது தேவை. தனித்து வாழும் ஆடவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. மருத்துவமனை வாயிலில் தரகர் காட்டும் குழந்தையை வாங்குவதும், பிறர் பெற்ற குழந்தைக்குத் தம் பெயரில் பிறப்புச் சான்று பெறுவதும் எவ்வளவு நல்லெண்ணத்தால் நிகழினும் குற்றமே. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் தண்டமும் உண்டு.

பெற்ற குழந்தையை வளர்க்க இயலாத நிலையில் ஒரு தாய் இருப்பாளாயின், அவளை இகழாதீர். குழந்தைகள் நலக் குழுவிடம் அவள் குழந்தையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் மீட்டுக்கொள்ள இரண்டு மாதக் காலம் சட்டமே அளிக்கிறது. 1098 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

தத்து கொடுக்கப் பெற்றவளுக்கு மனமில்லை, வளர்க்கவோ பொருளில்லை என்னும் நிலையும் நம்மிடையே மிகுதி. அங்கே தத்து வேண்டா. நீதிமன்றம் வழியே காப்பாளராகலாம். தகுதியுள்ள குழந்தைகளுக்கு ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை பெற வழியுண்டு. இதற்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையே நாட வேண்டும். பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரிக்காமலே காப்பதும் அறமே.

இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கென அலுவலகம் உண்டு. 15100 என்னும் எண்ணும் உண்டு. இது எவரும் நமக்கு இடும் பிச்சையன்று. சட்டம் தந்த உரிமை. கேளாதிருப்பது நம் குறை.

நிறைவுரை

என்னிடம் வந்த அந்த இளைஞன் கதைக்கு மீண்டும் வருகிறேன். அவன் மாமனுக்குப் பிள்ளையில்லை. மனைவி சம்மதித்திருந்தார். பெற்ற தாய் உயிருடன் இருந்து மனமுவந்து கொடுத்தார். பையனுக்கு வயது ஐந்து. சட்டம் கேட்ட நிபந்தனைகள் அனைத்தும் அன்றே நிறைந்திருந்தன. குறைந்தது ஒரு பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு முற்பகல். பள்ளிச் சேர்க்கைக்கு வந்த அந்தக் காலையில், “பெயரை எழுதிக்கொள்கிறேன், நீங்கள் பத்திரத்தையும் பதிந்துவிடுங்கள்” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வாழ்வு வேறாகியிருக்கும்.

அன்று முதல் எந்தக் குழந்தையைச் சேர்க்க வந்தாலும், “பெற்ற பிள்ளையா, வளர்க்கும் பிள்ளையா?” என்று தனியே அழைத்து மெல்லக் கேட்கிறேன். வளர்க்கும் பிள்ளை என்றால் செய்யவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். அத்தாளோடு சென்று பத்திரம் பதிந்து வந்து, எனக்கு அதனைக் காட்டி மகிழ்ந்தோரும் உண்டு.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் இரவுப் பாடசாலை நடத்தியது, புத்தகம் வழங்கியது, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தந்தது. இனிவரும் ஆண்டுகளில் இப்பணியையும் மேற்கொள்ளல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். இளைஞர்களே, உங்கள் தெருவில் வளர்ப்புப் பிள்ளை உள்ள வீடுகள் உங்களுக்குத் தெரியும். அவ்வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையோடும் மென்மையோடும் பேசுங்கள். பிள்ளையின் காதில் விழுமாறு பேசாதீர்கள். சட்ட உதவி அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஊட்டி வளர்ப்பதில் நம் மக்கள் என்றும் பின்தங்கியதில்லை. எழுதி வைப்பதில் மட்டுமே பின்தங்கினோம். எழுத்து நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. இன்று எழுத்து நம் கையில் இருக்கிறது. நம் மடியில் ஏற்ற பிள்ளைகளின் பெயரை உரிமை ஏட்டிலும் ஏற்றுவோமாக.